பிரசவம் முடிந்த முதல் வாரத்தில் தாய்க்குத் துணை யார்: வீட்டுப் பெரியவர்களா, மருத்துவச்சியா?

பீனிக்ஸ் மருமகள்:

எனக்குக் குழந்தை பிறந்து இன்றோடு ஆறு நாள்கள் ஆகின்றன. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம் ஆனது. மறுநாள் காலையிலேயே எடையும் தடுப்பூசியும் குறிக்கும் 'ரோடு டு ஹெல்த்' புத்தகத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் இரவு இரண்டு மார்பும் கல்லாகக் கட்டிக்கொண்டன, காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது, குழந்தையோ வாய் வைத்த அரை நிமிடத்தில் விலகி விலகி அழுதது. மாமியார் பார்க்கப் பொறுக்காமல் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து நாக்கில் வைத்தார். குழந்தை உறங்கியது, நானும் உறங்கினேன், அதை மறைக்க விரும்பவில்லை.

ஐந்தாம் நாள் கிளினிக்கில் எடை பார்த்தபோது, 3.1 கிலோவாகப் பிறந்த குழந்தை 2.82 கிலோ இருந்தது. அங்கிருந்த சிஸ்டர் சர்க்கரைத் தண்ணீருக்காகக் கடிந்துகொண்டு, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கூடாது என்று மூன்று முறை சொன்னார். ஆனால் நான் எப்படிப் பால் கொடுக்கிறேன் என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் கணவர் பால் பவுடர் டின் ஒன்றை வாங்கிவிட்டார். இப்போது மாமியார் ஒன்று சொல்கிறார், கிளினிக் ஒன்று சொல்கிறது, டின்னின் மேல் வேறொன்று அச்சிட்டிருக்கிறது. இந்த வாரத்தில் நான் யார் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்?

சாட்ஸ்வொர்த் ஆயா:

மகளே, உன் மாமியாரைக் குற்றவாளியாக்கி எழுதாததற்கு முதலில் நன்றி. நான் பிறந்தது டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில். எங்களையெல்லாம் அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பும் வரை, ஒரு வரிசையில் ஒருத்தி பிள்ளை பெற்றால் அந்த வரிசை முழுவதும் அவளுக்குத் தாய் வீடாகிவிடும். ஒருத்தி வெந்நீர் காய்ச்சி ஊற்றுவாள், ஒருத்தி வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவாள், ஒருத்தி பூண்டும் வெந்தயமும் போட்டுக் கஞ்சி வைப்பாள், இன்னொருத்தி பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு தாயைத் தூங்கச் சொல்வாள். நாற்பது நாள் அவள் கை அடுப்பைத் தொடாது. என் ஐந்து பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள், ஐவருக்கும் பிறந்ததும் நாக்கில் இனிப்பாகச் சேனை தொட்டு வைத்தோம், ஐவரும் நன்றாகவே இருக்கிறார்கள்.

இன்று உங்களுக்குப் புத்தகம் கொடுக்கிறார்கள், கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறார்கள். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் புத்தகம் எழுந்து வருமா? பெரியவர்கள் செய்வதையெல்லாம் மூடப்பழக்கம் என்று ஒதுக்கிய பிறகு அந்த இடத்தில் யாரையும் உட்காரவைக்காமல் விட்டதுதான் இன்றைய மருத்துவத்தின் பெரிய குறை என்பேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

முப்பத்தோர் ஆண்டுகள் மருத்துவச்சியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஆயா சொன்னதில் பாதியை என் கையெழுத்தோடு ஒப்புக்கொள்வேன், மறுபாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் எடையைப் பார்ப்போம். 3.1 கிலோவில் 280 கிராம் குறைவது ஒன்பது சதவீதம். பிறந்த முதல் நாள்களில் ஏழு சதவீதம் வரை குறைவது இயல்பு. பத்தை நெருங்கினால், அந்தத் தாய் பால் கொடுப்பதை மருத்துவச்சி தொடக்கம் முதல் முடிவு வரை உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். தராசு எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. உங்களைக் கடிந்துகொண்ட சிஸ்டர் அந்தப் பத்து நிமிடத்தை நாற்காலியில் செலவிட்டிருந்தால் நீங்கள் இங்கே எழுதியிருக்கவே மாட்டீர்கள். வெளியே எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்பதும் எனக்குத் தெரியும் என்பதால், அவரை இதற்கு மேல் திட்ட மனம் வரவில்லை.

காம்பு வெடித்திருப்பதும் குழந்தை விலகி விலகி அழுவதும் ஒரே காரணத்தைக் காட்டுகின்றன: குழந்தை காம்பின் நுனியை மட்டும் பிடித்திருக்கிறது. மார்பு கட்டியிருக்கும்போது காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் இறுகிவிடுவதால் சின்ன வாய்க்குள் அது அடங்குவதில்லை. பால் கொடுப்பதற்கு முன் விரல் நுனிகளால் கருவட்டத்தைச் சுற்றி மென்மையாக அழுத்தி, சிறிது பாலைப் பீச்சி எடுத்து, அந்த இடத்தை இளக்குங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். கொட்டாவி விடுவதுபோல் வாய் விரிந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைக் குனிந்து குழந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. சரியாகப் பிடித்துவிட்டால் மோவாய் மார்பில் புதையும், மூக்கு விலகியிருக்கும், கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கத்தில்தான் கருவட்டம் அதிகம் தெரியும், முதல் சில நொடிகளுக்குப் பிறகு வலி தணிந்து விழுங்கும் ஒலி கேட்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு நாப்பியாவது நன்றாக நனைந்தால் பால் போதுகிறது என்று பொருள்.

இனி ஆயாவுக்கு. முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லி வரைதான் கொள்ளும், சீம்பாலும் அந்த அளவில்தான் சுரக்கிறது. அந்த இடத்தைச் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் குழந்தை சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பதும் குறையும். சேனையில் தேன் இருந்தால் ஆபத்து வேறு வகையானது: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் தேனிலுள்ள ஒருவகைக் கிருமி வளர்ந்து நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். ஐவரும் நன்றாக இருப்பது மகிழ்ச்சிதான். நன்றாக இல்லாமல் போன குழந்தைகளை வார்டில் பார்த்தவள் நான்.

லெனேசியா தகப்பன்:

சிஸ்டர் எழுதியது பயனுள்ளது, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியின் இன்னொரு முகத்தை யாரும் தொடவில்லை. என் மனைவிக்குத் தனியார் மருத்துவமனையில் அறுவைசிகிச்சை மூலம் பிரசவம் ஆனது. நான்கு நாள்களாகப் பால் இறங்கவில்லை. புட்டிப்பால் கொடுக்கலாமா என்று கேட்டபோது, ஏதோ திருட்டுப் பொருளைக் கேட்டதுபோல் செவிலியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை நான் டின்னைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் பல மாதங்கள் தன்னை ஒரு தோற்ற தாயாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

2011-இல் இந்த நாடு தாய்ப்பாலை ஊக்குவிக்கும் ஷ்வானே பிரகடனத்தை வெளியிட்டு, அரசு மருத்துவமனைகளில் இலவசப் பால் பவுடர் வழங்குவதை நிறுத்த முடிவு செய்தது, 2012-இல் ஆர்.991 என்ற விதி வந்து அதன் விளம்பரத்தையும் தடை செய்தது. 2016-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 32 சதவீதமே தாய்ப்பாலை மட்டும் குடித்தன. மீதி மூன்றில் இரண்டு பங்குத் தாய்மார்கள் எல்லோருமே அறியாதவர்களா, சோம்பேறிகளா? அவர்கள் வேறு வழியைத் தேர்ந்தார்கள் என்று மதித்து, அந்த வழியைப் பாதுகாப்பாகக் கற்றுத்தருவதுதானே மருத்துவச்சியின் கடமை?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

தம்பி, உங்கள் மனைவிக்கு நேர்ந்தது தவறுதான், அதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. ஆர்.991 விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடுக்கிறதே தவிர விற்பனையைத் தடுக்கவில்லை. அதற்கு மூலமான 1981-ஆம் ஆண்டின் பன்னாட்டு நெறிமுறையே, புட்டிப்பால் தேவைப்படும் தாய்க்கு அதைக் கலக்கும் முறையைச் சுகாதாரப் பணியாளர்தான் காட்ட வேண்டும் என்கிறது. அறுவைசிகிச்சைக்குப் பிறகு பால் இறங்கத் தாமதமாவது வழக்கம் என்பதையும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் செவிலியர்கள் ஏன் இப்படி இறுகிப்போனார்கள் என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் அந்தக் கதையில் நானும் இருக்கிறேன். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கர்ப்பிணிகளில் மூவரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 2001-இல் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்கும் திட்டம் தொடங்கியபோது அதனுடன் இலவச பால் பவுடரும் வந்தது. அந்த டின்களை இந்தக் கைகளால்தான் எடுத்துக் கொடுத்தேன். சுத்தமான தண்ணீர் இல்லாத வீடுகளுக்கும் கொடுத்தோம். டின்னை எல்லோர் முன்னாலும் பிரித்தால் ஊர் பேசும் என்று அஞ்சிய தாய்மார்கள் பகலில் மார்பையும் இரவில் புட்டியையும் கொடுத்தார்கள். அந்தக் கலப்புதான் மிகவும் ஆபத்தானது என்று 1999-இலேயே டர்பனில் அன்னா கூட்சுடிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு சொல்லியிருந்தது: தாய்ப்பாலை மட்டும் குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு வேறு பாலும் நீரும் குடித்த குழந்தைகளுக்கே தொற்று அதிகம் இருந்தது. நாங்கள் அதைப் பின்பற்றப் பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டோம். நேற்று டின் கொடுத்த அதே சிஸ்டர் இன்று டின் கூடாது என்றால் எந்தத் தாய் நம்புவாள்? எங்கள் பேச்சில் இருக்கும் கடுமை எங்கள் குற்ற உணர்ச்சியின் மறுபக்கம் என்றே நான் நினைக்கிறேன்.

நீங்கள் சொன்ன 32 சதவீதம் 2003-இல் வெறும் எட்டாக இருந்தது. மீதிப் பேரைச் சோம்பேறிகள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர்களில் எத்தனை பேர் உண்மையாகவே தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேர் இந்த மகளைப்போல் மூன்றாம் நாள் இரவில் கைவிடப்பட்டார்கள் என்பதைத்தான் கேட்கிறேன். சுகப்பிரசவமானால் ஆறு மணி நேரத்தில்கூட வீட்டுக்கு அனுப்பலாம் என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். அடுத்த பரிசோதனை ஆறு நாள்களுக்குள். பால் இறங்குவதும் கட்டுவதும் காம்பு வெடிப்பதும் சரியாக அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

லெனேசியா தகப்பன்:

விளக்கத்துக்கு நன்றி சிஸ்டர். அப்படியானால் என் புகாரின் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மற்ற பாதி நிற்கிறது. உங்கள் தலைமுறையின் குற்ற உணர்ச்சிக்கு என் மனைவி வட்டி கட்டியிருக்க வேண்டியதில்லை.

பாலூட்டும் கணக்காளர்:

முதல் வாரத்தைக் கடந்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததாக எல்லோரும் பேசுகிறீர்கள். தாய்ப்பால் மட்டும் ஆறு மாதம் என்கிறது சுகாதாரத் துறை. மகப்பேறு விடுப்பு தொடர்ந்து நான்கு மாதம் என்றது 2025 வரை இருந்த தொழிலாளர் சட்ட விதி. அந்த விடுப்புக்கும் முதலாளி சம்பளம் தர வேண்டிய கட்டாயமில்லை; வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து ஊதியத்தில் 66 சதவீதம் வரை கிடைக்கிறது, அதற்கும் உச்சவரம்பு உண்டு. வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு முறை முப்பது நிமிடம் பால் கொடுக்கவோ பீச்சவோ இடைவேளை உண்டு என்று தொழிலாளர் சட்டத்தின் நன்னடத்தைக் கோவை சொல்கிறது. அதை நான் கேட்டபோது என் மேலாளருக்கு அப்படியொரு கோவை இருப்பதே தெரியவில்லை. பழைய கோப்புகள் வைக்கும் அறையில், கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பீச்சுகிறேன். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இதையும் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

சாட்ஸ்வொர்த் ஆயா:

சிஸ்டர், தேனைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். அடுத்த பேரனுக்கு வைக்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டில் மூக்கு வைத்த சின்னக் கிண்ணமாகப் பித்தளைப் பாலாடை ஒன்று இருக்கிறது, என் தாயாருடையது. பிள்ளை மார்பைப் பிடிக்காத நாள்களில் தாய்ப்பாலையே பீச்சி அதில் ஊற்றித் துளித்துளியாகப் புகட்டுவோம். புட்டியை நாங்கள் தொட்டதில்லை. இதுவும் மூடப்பழக்கம்தானா?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

இல்லை ஆயா. குறைமாதக் குழந்தைகளுக்குக் கிண்ணத்தால் புகட்டும் முறையை எங்களுக்குப் பயிற்சியில் புதிது போலக் கற்றுக்கொடுத்தபோது, பாலாடையை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். பித்தளை மட்டும் வேண்டாம், எவர்சில்வர் வாங்குங்கள். அதன் மூக்கில் பால் தங்காமல் கழுவி, ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டெடுங்கள். குழந்தையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, பாலை வாயில் ஊற்றாமல் உதட்டில் தொட்டு வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

பீனிக்ஸ் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. இன்று பதினான்காம் நாள்; குழந்தை 3.08 கிலோ இருக்கிறது. சிஸ்டர் சொன்னபடி கருவட்டத்தை இளக்கிக் கொடுத்த மூன்றாம் வேளையில்தான் முதன்முறையாக விழுங்கும் ஒலியைக் கேட்டேன். மாமியாரும் கேட்டார், சர்க்கரை டப்பாவை அவரே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஆனால் இரவில் ஒரு வேளை இன்னும் புட்டிப்பால்தான் கொடுக்கிறேன். சிஸ்டர் என்ன சொல்வார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எனக்குத் தூக்கம் வேண்டும்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

தூக்கம் வேண்டும் என்பதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம் ஊறும் என்பதால், நிறுத்த முடியாத அந்த ஒரு புட்டியைப் பகலுக்கு மாற்றிப் பாருங்கள். பகலில் அதை மாமியார் கொடுக்கட்டும், அந்த நேரத்தில் நீங்கள் தூங்குங்கள்.

சாட்ஸ்வொர்த் ஆயா:

புட்டி எதற்கு, பாலாடை இருக்கிறதே.