தோல்வியையும் நிலையற்ற ஆட்டத்தையும் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் மனத்தளவில் எப்படித் தாங்குகிறார்கள்?

உடற்கல்வி ஆசிரியை, பாலக்கோடு:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் மாணவியர் கால்பந்து அணி இந்த ஆண்டு குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்தை 4-0 என்று வென்றது. அடுத்த ஆட்டத்தில் அதே பிள்ளைகள் பந்தை எங்கே அடிப்பது என்று தெரியாதவர்களைப் போல ஆடி, கடைசி நிமிடத்தில் எப்படியோ தப்பித்தார்கள். மாவட்டப் போட்டியிலோ, ஒரு மாதத்துக்கு முன்பு பயிற்சி ஆட்டத்தில் நாங்கள் வென்றிருந்த அணியிடமே 0-3 என்று தோற்றுத் திரும்பினோம்.

கோல்கீப்பராக நின்றவள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. ஆட்டம் முடிந்து அனைவரும் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகும் அவள் கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். பேருந்தில் ஊர் வந்து சேரும் வரை கையுறைகளைக் கழற்றவில்லை. வாங்கிக் கொடுத்த தக்காளி சாதப் பொட்டலத்தைக் கையுறையோடு மடியில் பிடித்தபடியே வந்தாள், பிரிக்கவே இல்லை. தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்று, நாம் எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று முதல் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

இதையே பிழைப்பாகக் கொண்ட வீரர்கள் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் தோற்கிறார்கள். மூன்றாம் நாளே மறுபடியும் களத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? ஒரு வாரம் புலியாகவும் மறு வாரம் எலியாகவும் அணி மாறும்போது அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? அறிவுரையாக அல்லாமல், நடப்பது என்னவென்று தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓசூர்த் தொழிலாளி:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால், ஷிப்ட் ஒத்துவரும் நாள்களில் கண்டீரவா அரங்கத்துக்குப் போய் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஆட்டங்களைப் பார்ப்பது என் வழக்கம். உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

2018 மார்ச் 17 அன்று அந்த அரங்கத்தில்தான் இறுதிப் போட்டி நடந்தது. பெங்களூரு அணித் தலைவர் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் அடித்தும், சென்னையின் அணி 3-2 என்று பெங்களூருவை வென்று கோப்பையைத் தூக்கியது. அடுத்த பருவத்தில் அதே சென்னையின் அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே பெற்று, பத்து அணிகளில் பத்தாவதாக முடிந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 17 அன்று, கோப்பை பெங்களூருவுக்குப் போயிற்று. பெங்களூருவின் கதையும் அதேதான்: 2022-23 பருவத்தில் பாதி வரை தடுமாறிவிட்டு, லீகின் கடைசி எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்று இறுதிக்கு வந்து, அங்கே பெனால்டியில் தோற்றார்கள், அடுத்த பருவத்தில் பத்தாம் இடம்.

இவர்கள் யாருக்கும் ஒரே ஆண்டில் கால்பந்து மறந்துபோய்விடவில்லை. கோல்கள் மிகக் குறைவாக விழும் ஆட்டம் இது. கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்தும், காயம்பட்ட ஒரு தடுப்பாட்டக்காரரும், நடுவரின் ஒரு விசிலும் போதும், முடிவு தலைகீழாகிவிடும். கிரிக்கெட்டில் ஓர் ஓவர் கெட்டால் அடுத்த ஓவரில் சரிசெய்துகொள்ளலாம். இங்கே தொண்ணூறு நிமிடத்துக்கும் சேர்த்து ஒரு கோல்தான் கிடைக்கும் என்ற நாள்களும் உண்டு. ஆகவே பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், மனச்சுமை குறையும்.

இன்னொன்றும் நேரில் பார்த்திருக்கிறேன். தோற்ற இரவுகளிலும் வீரர்கள் நேராக உள்ளே ஓடிவிடுவதில்லை. ரசிகர்கள் நிற்கும் மாடத்துக்கு முன்பாக வரிசையாக வந்து நின்று கைதட்டிவிட்டுத்தான் போகிறார்கள். சிலர் கண்ணை நிமிர்த்துவதில்லை. ஆனாலும் வருகிறார்கள்.

காவேரிப்பட்டணம் கோல்கீப்பர்:

ஓசூர் நண்பர் சொன்ன தகவல்கள் அத்தனையும் சரி. ஆனால் "அதிர்ஷ்டம்" என்று சொல்லச் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கல்லூரிக் காலத்திலும் அதன் பிறகு சில ஆண்டுகளும் கோல்கீப்பராக நின்றவன் நான். தோற்ற அன்று யாராவது என்னிடம் அதிர்ஷ்டம் என்று சொன்னால், நான் செய்த நல்ல தடுப்புகளும் அதிர்ஷ்டம்தான் என்று சொல்லிவிட்டதாகவே கேட்கும். அந்தப் பிள்ளையின் உழைப்பை அவளிடமிருந்து பறிக்கும் சொல் அது. அணியின் ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள அந்தக் கணக்கு உதவும். ஒருத்தி கம்பத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது உதவாது.

அவளுக்குச் சொல்ல வேண்டிய கதை பார்போசாவுடையது என்று நினைக்கிறேன். 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில், மரக்கானா அரங்கத்தில், பிரேசிலுக்குக் கோல்கீப்பராக நின்றவர் அவர். சமநிலை கிடைத்தாலே கோப்பை பிரேசிலுக்கு என்ற நிலையில் உருகுவே 2-1 என்று வென்றது. உருகுவேயின் முதல் கோல், வலப்பக்கமாக ஓடிவந்த கிக்ஜியா நடுவுக்கு அனுப்பிய பந்தில் விழுந்தது. இரண்டாம் முறையும் கிக்ஜியா அதே வழியாக வந்தபோது, இப்போதும் நடுவுக்குத்தான் அனுப்புவார் என்று எண்ணிப் பார்போசா ஓரடி நகர்ந்தார். அந்த ஓரடி இடைவெளியில், அருகிலிருந்த கம்பத்தை ஒட்டிப் பந்து உள்ளே போயிற்று. எந்தக் கோல்கீப்பரும் அப்படித்தான் நகர்ந்திருப்பார். முடிவு தவறாகப் போயிற்று. எடுத்த தீர்மானம் மடத்தனமானதல்ல. ஆனால் அந்த நாடு அவரை மன்னிக்கவில்லை. பிரேசிலில் அதிகபட்சத் தண்டனையே முப்பது ஆண்டுதான், நானோ ஐம்பது ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று அவர் கடைசிக் காலத்தில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் இறந்துபோனார். தோல்வியைத் தாங்குவது அந்த வீரரின் நெஞ்சுரத்தை மட்டும் பொறுத்ததல்ல, சுற்றியிருப்பவர்கள் அவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட "என்ன செய்கிறார்கள்" என்பதற்கு வருகிறேன். தொழில்முறை அணிகள் பல, ஆட்டத்தை அன்றிரவே அறுத்துப் பார்ப்பதில்லை. இரவு ஆட்டம் முடிந்தால் உடம்பின் பரபரப்பு அடங்கவே நள்ளிரவு தாண்டிவிடும், தூக்கம் வராது, அந்த நேரத்தில் மனம் சொல்வதெல்லாம் மிகையாகவே இருக்கும். மறுநாள் முழு ஆட்டம் ஆடியவர்களுக்கு மெல்லோட்டம், நீட்டல் பயிற்சி, மசாஜ். ஆடாதவர்களுக்கு வழக்கமான பயிற்சி. வீடியோவை அதன் பிறகுதான் போடுகிறார்கள். அதுவும் முழு ஆட்டத்தையும் அல்ல, சில துண்டுகளை மட்டும். தவறு நடந்த நொடியோடு நிறுத்தாமல், அதற்கு நான்கு பாஸ் முன்பிருந்து பார்க்கிறார்கள். பல கோல்கள் கோல்கீப்பரிடம் வருவதற்கு முன்பே, நடுக்களத்தில் யாரோ பந்தை இழந்த இடத்தில் தொடங்கிவிடுகின்றன.

களத்துக்குள்ளேயே செய்வதும் ஒன்று உண்டு. கோல் விழுந்ததும் நல்ல கோல்கீப்பர் ஒரே வேலையை ஒவ்வொரு முறையும் செய்வார்: வலையிலிருந்து பந்தை எடுத்து உதைத்து அனுப்புவார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், கையுறைப் பட்டையைப் பிரித்து மறுபடி இறுக்குவார். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் அந்தப் பட்டையை இறுக்கும்போதுதான் முடிந்த கோல் முடிகிறது. உங்கள் மாணவி பாலக்கோடு வரை கையுறையைக் கழற்றவில்லை என்று படித்தபோது, ஆட்டம் அவளுக்கு இன்னும் முடியவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

அணி தொடர்ந்து தடுமாறும்போது வேறொன்று நடக்கும், கவனித்துப் பாருங்கள். நம்பிக்கை போன வீராங்கனை பந்தைத் தவறவிடுவதற்கு முன்பே ஒளிந்துகொள்ளத் தொடங்குவாள். எதிரணி ஆட்டக்காரியின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாள். அவளுக்குப் பந்து கொடுக்கவே முடியாது, ஆகவே தவறும் நடக்காது. நான்கு பேர் இப்படி ஒளிந்தால், பந்து வைத்திருப்பவளுக்கு நீளமாக உதைத்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழியிருக்காது. நீங்கள் சொன்ன "எங்கே அடிப்பது என்று தெரியாத" ஆட்டம் அப்படித்தான் உண்டாகிறது. அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் அந்த நேரத்தில் புதிய உத்தி எதையும் திணிக்க மாட்டார்கள். பத்து மீட்டருக்குள் பாஸ், பந்தைக் கேட்டு வாங்குவது, பேசிக்கொண்டே ஆடுவது என்று எளிய வேலைகளுக்குத் திரும்புவார்கள். எங்கள் பக்கத்து மாந்தோப்புகளில் ஒரு வருடம் கிளை ஒடியக் காய்த்த மரம் மறுவருடம் ஓய்ந்து நிற்கும்; காய்க்காத வருடத்திலும் விவசாயி தண்ணீரை நிறுத்துவதில்லை.

மனநல ஆலோசகர், அரூர்:

முந்தைய பதில்களை ஆர்வத்தோடு படித்தேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: தொழில்முறை வீரர்கள் தோல்வியை நன்றாகத் தாங்குகிறார்கள் என்பதே முழு உண்மையல்ல. அவர்களில் பலர் தாங்குவதில்லை. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். உலகக் கால்பந்து வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களில் 38 சதவீதம் பேர் மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் தமக்கு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இத்தாலியின் புஃபோன், உலகின் தலைசிறந்த கோல்கீப்பராகப் போற்றப்பட்ட காலத்திலேயே மனச்சோர்வுக்கு ஆளானதை வெளிப்படையாகப் பேசினார். ஜெர்மனியின் மெர்டசாக்கர் 2018இல் அளித்த பேட்டியில், ஆட்ட நாள்களில் குமட்டல் வரும் அளவுக்கு அழுத்தம் இருந்ததையும், 2006 உலகக் கோப்பை அரையிறுதியில் தம் நாடு தோற்றபோது வருத்தத்தைவிட, எல்லாம் முடிந்தது என்ற நிம்மதியே தமக்கு மேலோங்கியதையும் சொன்னார்.

ஆகவே அழுகையை அடக்கச் சொல்லாதீர்கள். தோற்றவுடன் தேற்றுவதற்கு அவசரப்படவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். இரண்டொரு நாள் கழித்துப் பேசும்போது, "நான் மோசமானவள்" என்று அவள் சொன்னால், "எந்தப் பந்தில்?" என்று கேளுங்கள். தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் மனம், குறிப்பிட்ட ஒரு செயலைச் சொல்லும்படி கேட்கப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வருகிறது. செயலைத் திருத்திக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் சௌத்கேட் 1996 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்டவர். 2018 உலகக் கோப்பையில் அவர் பயிற்சியளித்த அணி கொலம்பியாவைப் பெனால்டியில் வென்றது. உலகக் கோப்பையில் இங்கிலாந்து பெனால்டி முறையில் வென்றது அதுவே முதல் தடவை. பெனால்டியை விதி என்று விட்டுவிடாமல், யார் அடிப்பது, விசில் ஊதியதும் அவசரப்படாமல் மூச்சு வாங்குவது எப்படி என்பது வரை பழகிவிட்டு வந்தார்கள். 2021 யூரோ இறுதியில் கடைசிப் பெனால்டியைத் தவறவிட்டு இனவெறி வசைகளுக்கு ஆளான இங்கிலாந்து வீரர் சாகாவுக்கு அப்போது வயது 19. அவரைத் தேர்ந்தெடுத்தது தன் முடிவு, பொறுப்பும் தன்னுடையது என்று சௌத்கேட் அன்றிரவே சொல்லிவிட்டார். 2024 யூரோ காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக அதே சாகா பெனால்டி அடிக்க முன்வந்தார், கோலும் அடித்தார். உங்கள் இடத்திலிருந்து செய்யக்கூடியது இதுதான், அம்மா: தோல்வியின் பொறுப்பில் உங்கள் பங்கை, பிள்ளைகள் எல்லோரும் கேட்கும்படி நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடும் தூக்கமும் குறைந்து, பிடித்தவற்றிலெல்லாம் ஆர்வம் போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

உடற்கல்வி ஆசிரியை, பாலக்கோடு:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை பயிற்சிக்கு முன்பாக அணியை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, இரண்டாவது பாதியில் தடுப்பாட்டத்தை மாற்றியமைத்தது என் முடிவு என்றும், அதனால்தான் நடுவில் இடைவெளி விழுந்தது என்றும் சொன்னேன். அது உண்மையும்கூட. பிறகு ஒரு பெற்றோர் கைப்பேசியில் எடுத்திருந்த வீடியோவைக் கோல்கீப்பருக்கு மட்டும் காட்டினேன். மூன்று கோல்களுக்கும் முன்பிருந்தே ஓடவிட்டேன். முதல் இரண்டையும் பேசாமல் பார்த்தாள். மூன்றாவதில் நிறுத்தச் சொல்லி, மறுபடி பின்னால் நகர்த்தச் சொன்னாள். "இது மட்டும் என்னுடையது, டீச்சர். நடுவுக்கு வரும் என்று நினைத்துவிட்டேன்" என்றாள்.

பார்போசாவின் கதையை அப்போதுதான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, அந்தக் கம்பத்தின் பக்கமிருந்து யாராவது இருபது பந்து அடிக்க முடியுமா என்று கேட்டாள். இருட்டும் வரை அடித்தோம். பதினான்கைத் தடுத்தாள்.