சூரியனின் கொரோனா மட்டும் ஏன் இவ்வளவு சூடு?

செந்தூல்வாசி:
மகள் படிவம் 5 படிக்கிறாள். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்தான், ஆனால் அதற்கு மேலே இருக்கும் கொரோனா என்ற வெளி வளிமண்டலம் பத்து இலட்சம் டிகிரிக்கும் மேல், இது எப்படிப்பா என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன், விடவில்லை. அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு குறையத்தானே வேண்டும்? யூடியூபில் எல்லாரும் காந்தம், காந்தம் என்கிறார்கள், காந்தம் எப்படிச் சூடாக்கும் என்று யாரும் சொல்வதில்லை. இன்னொன்று, 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தை இங்கே கேஎல்லில் (கோலாலம்பூரில்) பார்த்தோம், அப்போது கொரோனா எதுவும் தெரியவில்லையே? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள், லிங்க்கை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
மகளின் சந்தேகம் நியாயமானது. 5,500 டிகிரியில் இருக்கும் பொருளின் வெப்பம் பத்து இலட்சம் டிகிரியில் இருக்கும் பொருளுக்குத் தானாக ஏறாது, அதனால் கொரோனாவுக்கு ஆற்றல் வெப்பமாகப் போகவில்லை, வேறு வடிவத்தில் போய் அங்கே வெப்பமாக மாறுகிறது. அந்த வடிவம்தான் காந்தப்புலம். மேற்பரப்புக்குக் கீழே வாயு ஓயாமல் கொதித்துப் புரள்கிறது, காந்தப்புலக் கோடுகளின் அடிப்பகுதி அதில்தான் ஊன்றியிருக்கிறது, அடி அசைய அசைய மேலே உள்ள கோடுகள் முறுக்கிக்கொள்கின்றன, அதிரவும் செய்கின்றன. அதிர்வு அலையாக மேலே போய் அடங்கும் இடத்தில் சூடாக்குகிறது என்பது ஒரு தரப்பு. இந்த அலைகளை 1942இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் இயற்பியலாளர் ஹான்னஸ் ஆல்ஃப்வேன். முறுக்கு தாங்காமல் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணையும்போது குட்டிக் குட்டி வெடிப்புகள் கணக்கில்லாமல் நடக்கின்றன, சூடு அதிலிருந்துதான் என்பது மறு தரப்பு. 1988இல் இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் சொன்ன நானோ ஃபிளேர் (மிகச் சிறிய சூரிய வெடிப்பு) இதுதான். இப்போது பெரும்பாலோர் இரண்டும் நடக்கிறது என்றே ஒப்புக்கொள்கிறார்கள், எதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் இழுபறி. மர்மம் தீர்ந்துவிட்டது என்று தலைப்புப் போடும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

கிரகண விஷயம் எளிது. அன்று கேஎல்லில் தெரிந்தது பகுதி கிரகணம். சிங்கப்பூரிலும் ஜொகூரின் தென்கோடியிலும் வளையமாகத் தெரிந்தது, ஆனால் அங்கேயும் கொரோனா தெரிந்திருக்காது. மேற்பரப்பின் ஒளி கொரோனாவை விட ஏறக்குறைய பத்து இலட்சம் மடங்கு அதிகம், விளிம்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தாலே போதும், மறைத்துவிடும். முழுக் கிரகணம் வேண்டும்.

கூலிம்காரன்:
சார், அப்போது பத்து இலட்சம் டிகிரி என்று எதை வைத்துச் சொன்னார்கள்? யாரும் தெர்மாமீட்டர் கொண்டு போகவில்லையே.

பட்டர்வொர்த் வாத்தியார்:
ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையை வைத்துத்தான். 1869 கிரகணத்தில் கொரோனாவின் ஒளியில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது, தெரிந்த தனிமம் எதனோடும் பொருந்தவில்லை, புதுத் தனிமம் என்று முடிவு கட்டி 'கொரோனியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எழுபது வருடம் கழித்துத்தான், குரோட்ரியான், எட்லென் என்ற இருவரின் வேலையால், அது 13 எலக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்பு என்று தெரிந்தது. இரும்பிடமிருந்து 13 எலக்ட்ரான்களைப் பிடுங்க அவ்வளவு வெப்பநிலை வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கதையைத்தான் பாடப் புத்தகத்தில் முதலில் வைக்க வேண்டும்.

செந்தூல்வாசி:
நன்றி சார், மகளுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். அடுத்த கேள்வி தயார்: நாசாவின் பார்க்கர் விண்கலம் கொரோனாவுக்குள் போனதாமே, அது ஏன் உருகவில்லை?

ஆயர் ஈத்தாம் ரேடியோ:
இதற்கு நான் சொல்கிறேன். வெப்பநிலை என்பது ஒவ்வொரு துகளும் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது. எத்தனை துகள் வந்து மோதுகிறது என்பது வேறு கணக்கு. கொரோனாவில் துகள்கள் மிகவும் குறைவு, நம் ஆய்வுக்கூட வெற்றிடம் மாதிரி. அதனால் விண்கலத்தின் கேடயத்தைச் சுடுவது பெரும்பாலும் சூரிய ஒளிதான், அதுவும் 1,400 டிகிரி அளவுக்குத்தான். 11 சென்டிமீட்டர் சொச்சம் தடிமனான கார்பன் கேடயம் அதைத் தாங்கிவிடும், அதன் நிழலில் கருவிகள் அறை வெப்பநிலையில் இருக்கின்றன. 2024 டிசம்பர் 24 அன்று மேற்பரப்பிலிருந்து 61 இலட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கிப் போய், பத்திரமாகச் செய்தியும் அனுப்பியது.

கூலிம்காரன்:
அப்புறம் இந்த வருட வெயிலுக்கும் சூரியப் புயலுக்கும் சம்பந்தம் இருக்கா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'இன்றிரவு போனை அணைத்து வையுங்கள்' என்று வந்துகொண்டே இருக்கு லா.

ஆயர் ஈத்தாம் ரேடியோ:
போனை அணைக்க வேண்டாம் தம்பி, அந்தக் குழுவை மியூட் பண்ணினால் போதும். சூரியன் பொங்கி அடங்கும் 11 வருடச் சுழற்சியில் சூரிய ஒளியின் மொத்த அளவு மாறுவது சுமார் 0.1 சதவீதம்தான், பினாங்கு வெயிலுக்கு அது காரணம் இல்லை. ஆனால் பொழுதுபோக்காக அமெச்சூர் ரேடியோ வைத்திருக்கும் எங்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். கொரோனாவிலிருந்து வரும் எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும்தான் நம் தலைக்கு மேலே, ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்னூட்டக் காற்றடுக்கான அயனி மண்டலத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு வகிக்கின்றன. சுழற்சி உச்சத்தில் 10 மீட்டர் அலைவரிசை திறந்து ஐரோப்பாக்காரனோடு சின்ன ஆன்டெனாவிலேயே பேசலாம். பகலில் பெரிய ஃபிளேர் வெடித்தால் எட்டு நிமிடத்தில் கதிர் வந்துவிடும், சிற்றலை அப்படியே செத்துவிடும், நாம் ரேடியோவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் மார்ச், செப்டம்பர் வாக்கில் பொழுது சாய்ந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும்பி ஜிபிஎஸ்ஸையும் குழப்பும், உச்ச வருடங்களில் இன்னும் அதிகம். கிராப் வாடகைக் காரில் ஏறிப் போகிறவர் கவனிக்கக்கூட மாட்டார், நில அளவை செய்கிறவரைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்.