டுரோன்: சர்க்கரை ஒட்டவே மாட்டேன் என்கிறது, அவசரம்

டவாவோவாசி: 4 மணிக்கு வீட்டுக்காரப் பாட்டி வருகிறார். டுரோன் செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன் (வாழைப்பழத்தை மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிச் சர்க்கரையோடு பொரிக்கும் பிலிப்பைன்ஸ் பலகாரம்). சர்க்கரை எல்லாம் வாணலி அடியில் கருங்கட்டி ஆகிறது. சுருள் வெள்ளையாகவே இருக்கிறது. இரண்டு பிரிந்தும் போயின. என்ன செய்ய?

கடலூர்க்காரி: என்ன பழம், என்ன சர்க்கரை, எண்ணெய் எவ்வளவு? ஒன்றும் சொல்லவில்லையே தம்பி.

மொந்தன்: பழம்தான் காரணம். கடையில் கிடைக்கும் கேவண்டிஷ் வாழை சூட்டில் குழைந்து நீர் விடும், சுற்றும் லும்பியா மாவுத்தாள் நனைந்து பிரியும். சபா வாழை வாங்குங்கள். நம் மொந்தன் போலப் பட்டையாக, கெட்டியாக இருக்கும்.

டவாவோவாசி: சபாதான். பழுப்புச் சர்க்கரை. எண்ணெய் சுருள் மூழ்கும் அளவு.

மொந்தன்: அப்படியானால் அளவுக்கு மீறிப் பழுத்திருக்கும்.

அனுபவசாலி: இதை இங்கே பல தடவை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. எண்ணெயில் சர்க்கரை போடுவதே தவறு. பாகு காய்ச்சி மேலே ஊற்ற வேண்டும். அடிப்படை தெரியாமல் அடுப்படிக்குப் போகக் கூடாது.

மணிலாஅக்கா: மன்னிக்கவும், இங்கே தெருவோரத்தில் எண்ணெயில்தான் போடுகிறார்கள். காய்ந்த எண்ணெயில் சர்க்கரையைத் தூவி, அது உருகி மேலே மிதந்து வரும்வரை பொறுத்து, அப்புறம்தான் சுருளை இறக்குவார்கள். புரட்டிக்கொண்டே இருந்தால் பாகு மெல்லிசாகச் சுற்றிக்கொள்ளும். தம்பி, ஒரு ஈட்டுக்கு எத்தனை போட்டீர்கள்? பலாச்சுளை வைத்தீர்களா?

டவாவோவாசி: பத்து. ஆமாம், டின் பலா.

மணிலாஅக்கா: அதுதான். டின் பலாவில் ஊறிய பாகு தாளை நனைக்கிறது. பத்தும் சேர்ந்து எண்ணெயை ஆற வைக்கிறது, சர்க்கரை அடியில் தங்குகிறது. பலாவை வடித்துத் துணியில் ஒற்றுங்கள். தாளின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள். நாலு நாலாகப் போடுங்கள். எடுத்ததும் காகிதத்தில் வைக்காதீர்கள், கம்பித்தட்டில் தள்ளித் தள்ளி வையுங்கள்.

மொந்தன்: பலாவே வேண்டாம். வாழைப்பழம்தான் டுரோன்.

மணிலாஅக்கா: பலா வாசனை இல்லாமல் எனக்கு இறங்காது. தவிர, மணிலா பக்கத்து மலபோன் ஊரில் டுரோன் என்று கேட்டால் இனித்த பச்சைப்பயறு வைத்த சுருள்தான் வரும். வாழைப்பழம் வைத்ததற்கு அங்கே வலென்சியா என்று பெயர்.

அனுபவசாலி: நான் அப்படிக் கேள்விப்பட்டதில்லை.

கடலூர்க்காரி: பேர் கிடக்கட்டும். தம்பி, என்ன ஆச்சு?

டவாவோவாசி: ஒட்டியது அக்கா! கண்ணாடி மாதிரி மினுங்குகிறது, கடித்தால் சடக்கென்று உடைகிறது. முதல் ஈட்டைக் காகிதத்தில் வைத்துவிட்டேன், பிய்க்க முடியவில்லை. பாட்டி வந்துவிட்டார்.