பேக்லாஷுக்கு ‘பின்னடிப்பு’ வேணாம், ‘வெறுஞ்சுற்று’ன்னு வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம். திருகை எதிர்ப்பக்கம் திருப்புறப்ப கொஞ்ச தூரம் சும்மா சுத்துதே, அந்த பேக்லாஷுக்கு நம்ம தமிழ்ச்சொல் பட்டியலுக்காக இதுவரைக்கும் வந்த சொல்லையெல்லாம் படிச்சேன். அண்ணன் ‘பின்னடிப்பு’ங்கிறாங்க, பாலிடெக்னிக் சார் ‘ஆட்டம்’னு ஏற்கெனவே பட்டறையில சொல் இருக்கும்போது புதுசா எதுக்குன்னு கேக்குறாங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே பதில் எழுதுறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க.

நான் மண்டபம் பக்கம் மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ்னு அளக்குற கருவியெல்லாம் பிரிச்சு சரி பண்ணிக் குடுக்குற வேலை பாக்குறேன். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரைக்கு ஏறிரும், புரொப்பல்லர் ஷாஃப்ட் தேய்மானம் பாக்குறது, புஷ் கடைஞ்சு மாத்துறதுன்னு லேத் பட்டறையில மூச்சு விட நேரம் இருக்காது, அப்பதான் வருசம் பூரா ஈரக்காத்துல டப்பாவுக்குள்ள கெடந்த மைக்ரோமீட்டரை வெளிய எடுப்பாங்க. திம்பிள், அதாவது திருகுற கைப்பிடி, இறுகியிருக்கும், இல்லைன்னா லொடலொடன்னு இருக்கும். எது வந்தாலும் “ஆட்டம் இருக்கு, பாத்துக் குடு”ன்னுதான் சொல்லுவாங்க. சார் சொல்ற சொல் பொழக்கத்துல இருக்கிறது உண்மைதான், ஆனா அந்த ஒரே சொல்லுக்குள்ள ரெண்டு வேற வேற கோளாறு மாட்டிக்கிட்டு இருக்கு, எனக்குக் கவலை அதுதான்.

மொதக் கோளாறு, திருகுப் புரிக்கும் நட்டுக்கும் நடுவுல இடைவெளி விழுந்து ஸ்பிண்டில் (சாமானைத் தொடுற நகர்ற தண்டு) முன்னும் பின்னும் அசையுறது, சாயுறது. கையில புடிச்சு தள்ளி இழுத்தாலே தெரியும். இதுக்கு ஆட்டம்ங்கிறது அருமையான சொல், மாத்தவே வேணாம். ரெண்டாவது, ஒரு பக்கமா திருகிக்கிட்டு இருந்துட்டு எதிர்ப்பக்கம் திருப்பினா கொஞ்ச தூரம் கைப்பிடி மட்டும் சுத்தும், ஸ்கேலும் நகரும், ஆனா நகர வேண்டிய சாமான் நகராது. லேத்துல கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கா நகர்த்துற பாகம்) ஓட்டுனவங்களுக்கு இது நல்லாத் தெரியும், அதனாலதான் டூலைக் கூடுதலாப் பின்னுக்கு இழுத்துட்டு மறுபடி முன்னுக்கு வந்து அளவைப் புடிப்பாங்க. இதுதான் பேக்லாஷ். ரெண்டுக்கும் காரணம் அந்த ஒரே இடைவெளியாக்கூட இருக்கலாம், ஆனா அளவுல அது செய்யுற வேலை வேற.

எப்படின்னா, மைக்ரோமீட்டர்ல பேக்லாஷ் இருந்தாலும் அளவு பெருசாக் கெட்டுப்போகாது, ஏன்னா எப்பவும் ஒரே திசையிலதான் மூடுறோம், ராட்செட் (அளவான அழுத்தம் வந்ததும் நழுவுற முனைத் திருகு) அழுத்தத்துல ஸ்பிண்டில் பின்னுக்குத் தள்ளப்பட்டு புரியோட ஒரே முகத்துல போய் உக்காந்துரும். அளவைக் கெடுக்குறது ஆட்டம்தான், ஸ்பிண்டில் சாஞ்சா ரெண்டு முகமும் இணையா உக்காராது. லேத் ஸ்லைடுலயும் காலேஜ் லேப்ல திருகால நகர்த்தி அளக்குற டிராவலிங் மைக்ரோஸ்கோப்லயும் தலைகீழ், அங்க கெடுக்குறது பேக்லாஷ். ரெண்டையும் ஆட்டம்னே எழுதி வச்சா படிச்சுட்டு வர்ற பையன் என்ன பண்ணுவான்? திம்பிளைத் திருப்புறப்ப லேசா சும்மா சுத்துதுன்னு கழட்டி, ஸ்லீவ் (கோடு போட்ட உள்குழாய்) முனையில புரிமேல இருக்கிற அட்ஜஸ்டிங் நட்டை சாவி போட்டு இறுக்குவான், இன்னும் இறுக்குவான். அப்புறம் திம்பிள் கனமாயிரும், ஸ்பிண்டில் போய் சாமானைத் தொடுறதுக்கு முன்னாலயே ராட்செட் நழுவும், அளவு உண்மையைவிடப் பெருசாக் காட்டும். நல்லா இருந்த கருவி கெட்டுப்போச்சு. அந்த நட்டை கடைசி வரைக்கும் ஒரே சீரா, வழுக்கிக்கிட்டு ஓடுற அளவுக்குத்தான் இறுக்கணும், அதுக்கப்புறம் சுழிப்பிழை (முழுசா மூடினாலும் ஜீரோ காட்டாத பிழை) பாத்து ஸ்லீவைத் திருப்பி ஜீரோ வைக்கணும். (சுழிப்பிழை, மீச்சிற்றளவு, புரிக்கோல், தலைக்கோல் இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்துலயே நல்லா வச்சுட்டாங்க, அதுல யாரும் கை வைக்க வேணாம்.)

இப்ப அண்ணனோட ‘பின்னடிப்பு’. அண்ணே, நீங்க கோவிச்சுக்கப்படாது, பின்னடிப்புன்னு கேட்டா திருப்பி எதுவோ அடிக்குது, உதைக்குதுன்னுதான் தோணும். இங்க எதுவும் அடிக்கல. நடக்குறது என்னன்னா வெறும் சுத்து. பழைய லாரி ஸ்டியரிங்கைப் புடிச்சவரைக் கேட்டா “கால்வாசி வெறும் சுத்து சுத்துது”ம்பார், போட்டுல சுக்கான் புடிக்கிறவரும் அதையேதான் சொல்லுவார். வெறுங்கை, வெறுங்கால், வெறுஞ்சோறுன்னு சொல்ற மாதிரியே வெறுஞ்சுற்று. எழுத்துல வெறுஞ்சுற்று, வாய்ல வெறுஞ்சுத்து. அதனால வர்ற பிழை வெறுஞ்சுற்றுப் பிழை. சொன்ன ஒடனே கைக்குத் தெரியும், விளக்கம் வேணாம்.

டயல் கேஜ்ல முள்ளு மட்டும்தானே சுத்துது, தண்டு நேராத்தானே போகுது, அங்க இந்தச் சொல் பொருந்துமான்னு சார் கேப்பாங்க. பொருந்தும். உள்ள இருக்கிறது பல்சக்கரம், பல்லுக்குப் பல் இருக்கிற இடைவெளிதான் அங்கயும் காரணம். அந்த இடைவெளி வெளிய தெரியாம இருக்கத்தான் முடி மாதிரி மெல்லிசா ஒரு சுருள் ஸ்பிரிங் வச்சிருக்கான், அது பல்லை எப்பவும் ஒரே பக்கமா அணைச்சு வச்சுக்கும். போறப்பயும் வர்றப்பயும் முள்ளு ஒரே இடத்துல நிக்கலைன்னா ஸ்பிரிங்கைச் சந்தேகப்படலாம், ஆனா அதுக்கு முன்னாடி தண்டைத் தொடைங்க. நம்ம பக்கம் உப்புக்காத்துக்குப் பயந்து தண்டுல எண்ணெயை ஊத்தி வச்சிருப்பாங்க, அது தூசியைச் சேத்துப் பிசுக்காகி முள்ளைத் திரும்ப விடாது. வெள்ளைப் பெட்ரோல்ல தொடைச்சுக் காய விட்டாலே நெறைய கேஜ் சரியாயிரும். அது வெறுஞ்சுற்றும் இல்ல ஆட்டமும் இல்ல, வெறும் பிசுக்கு.

சாதாரண வெர்னியர்ல வெறுஞ்சுற்று கெடையவே கெடையாது, தாடையை நகர்த்தத் திருகே இல்லையே. அங்க இருக்கிறது ஆட்டம் மட்டும். நகர்ற தாடைக்கும் தண்டுக்கும் நடுவுல மெல்லிய பட்டை ஒண்ணு, அதை அழுத்த ரெண்டு குட்டித் திருகு. ரெண்டையும் முழுசா இறுக்கிட்டு அரைக்கால் சுத்து அளவுக்கு பின்வாங்கினா பெரும்பாலும் சரியா வரும். இங்க ஆட்டத்தை லேசா எடுத்துக்கக் கூடாது, அளக்குற இடமும் ஸ்கேலும் ஒரே கோட்டுல இல்லாத கருவி அது, தாடை கொஞ்சம் சாஞ்சாலும் முனையில அளவு மாறிரும். மைக்ரோமீட்டர்ல ஸ்கேலும் சாமானும் ஒரே கோட்டுல இருக்கிறதால அந்தத் தொந்தரவு கம்மி.

இன்னொண்ணு, இதுக்கு இன்னும் சொல்லே யாரும் வைக்கல. மைக்ரோமீட்டர் ஜீரோவுல துல்லியமா இருக்கும், 25 மில்லிமீட்டர்லயும் சரியா இருக்கும், நடுவுல மட்டும் தப்பாக் காட்டும். ஒரே சைஸ் ஷாஃப்டையே வருசக்கணக்கா அளந்தா புரி அந்த இடத்துல மட்டும் தேஞ்சிருக்கும். ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுக்கட்டை) வச்சு 2.5, 5.1, 7.7, 10.3, 12.9-ன்னு பாக்குறது அதுக்காகத்தான், முழு எண்ணாப் பாத்தா ஒரு சுத்துக்கு அரை மில்லிமீட்டர் நகர்ற புரியில திம்பிள் ஒவ்வொரு தடவையும் அதே ஜீரோ கோட்டுல வந்து நிக்கும், மத்த கோடெல்லாம் சோதிக்காமலே போயிரும். இந்தக் கோளாறை நட்டை இறுக்கி சரி பண்ண முடியாது, தேஞ்ச இடத்துக்குச் சரியா வச்சா தேயாத இடத்துல இறுகிப் புடிக்கும். நான் இதை ‘இடைத்தேய்வு’ன்னு எழுதி ரசீதுல போட்டுக் குடுக்குறேன், வாங்கிட்டுப் போறவங்க அர்த்தம் கேட்டதில்ல.

அதனால பட்டியல்ல ஆட்டம், வெறுஞ்சுற்று, இடைத்தேய்வுன்னு மூணையும் தனித்தனிப் பதிவாப் போடணும்ங்கிறது என் கோரிக்கை. வெறுஞ்சுற்றுன்னு மின்சாரம், மோட்டார் பக்கம் ஏற்கெனவே லோடு இல்லாம ஓடுறதுக்கு யாராவது வச்சிருந்தா சொல்லுங்க, அப்படி மோதுச்சுன்னா ‘வெறுந்திருப்பு’ன்னு மாத்திக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆட்டத்தோட மட்டும் சேத்துராதீங்க.