வளைந்த சேஃப்டி கண்ணாடியில் ப்ரொக்ரஸிவ் லென்ஸ்: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

கோவை டூல்ரூம்:

கணபதி பக்கம் ஒரு டூல் ரூமில் லேத்தும் சர்ஃபேஸ் கிரைண்டரும் ஓட்டுகிறேன், வயது 47. மைனஸ் 4 பவர் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டது. வெர்னியர் என்கிற அளவுகோலில் கோடு தெரியவில்லை என்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் கிட்டே வைத்துப் பார்ப்பேன். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அப்படி நன்றாகவே தெரியும், அதனாலேயே அது ஆபத்தான பழக்கம். ஒருநாள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படி ஏற்றினேன், பொறி ஒன்று இமையில் பட்டுச் சுட்டது. கண்ணுக்குள் போகவில்லை. அன்று சாயங்காலமே பக்கவாட்டையும் மூடுகிற வளைந்த ஃபிரேமில், தூரம் கிட்டம் இரண்டும் தெரிகிற ப்ரொக்ரஸிவ் லென்ஸ் வைத்து ஒரே கண்ணாடியாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் போன கடையில் ஃபிரேமைக் காட்டினார்கள், பழைய சீட்டில் இருந்த பவரை எழுதிக்கொண்டார்கள், பத்து நாளில் கண்ணாடி வந்துவிட்டது. போட்டவுடன் தரை சாய்ந்த மாதிரி இருந்தது, பக்கத்தில் நிற்கிற ஆள் அகலமாகத் தெரிந்தார், லேத்தில் அளவு காட்டும் திரையான டிஜிட்டல் ரீட் அவுட்டைப் படிக்க முகவாயைத் தூக்கித் தூக்கி மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. பழகிவிடும், இரண்டு வாரம் பொறுங்கள் என்றார்கள். ஒரு மாதம் பொறுத்தேன். பழகவில்லை.

அப்புறம் போன இடத்தில் இருந்த ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பவர் பார்ப்பவர்) கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி, "வேலையில் எதையெல்லாம் எவ்வளவு தூரத்தில் பார்க்கிறீர்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடம் மைக்ரான் கணக்கில் அளந்தவனுக்கு என் கண்ணுக்கும் வேலைக்கும் உள்ள தூரம் தெரியாது. மறுநாள் கூட வேலை பார்க்கிற தம்பியை டேப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். வெர்னியர் 38 செ.மீ., சக்கில் (லேத்தின் பிடியில்) இருக்கும் ஜாப் 55, ரீட் அவுட் 70. அந்த ரீட் அவுட் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது.

இந்த அளவுகளை எழுதிக் கொண்டுபோன சீட்டைப் பார்த்ததும் ஆப்டோமெட்ரிஸ்டுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ப்ரொக்ரஸிவ் லென்ஸில் மேலே தூரம், கீழே படிப்பு, நடுவில் குறுகலாக ஒரு பாதை. என் வேலையில் முக்கால்வாசி நடக்கிறது அந்த நடுப்பாதையில்தான். நான் முதலில் வாங்கிய ஃபிரேமோ உயரம் குறைவானது, அதற்குள் மூன்றையும் அடக்க வேண்டும் என்பதற்காகக் குட்டைப் பாதை லென்ஸ் போட்டிருக்கிறார்கள். பாதை குட்டையானால் நடுத்தூரம் நெருங்கிச் சுருங்கிவிடும். ஆக, லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஃபிரேமில் தப்பு நடந்துவிட்டது. இரண்டாவது முறை வளைந்த ஃபிரேமிலேயே உயரம் கூடியதாக ஒன்று எடுத்து, நீளப் பாதை லென்ஸ் போட்டோம். அவர் இன்னொன்றும் சொன்னார்: "ரீட் அவுட்டை இறக்கி மாட்ட முடியுமா பாருங்கள், எந்த ப்ரொக்ரஸிவ் லென்ஸும் மேலே பார்த்துக் கிட்டத்தைக் காட்டாது." பிராக்கெட்டை ஒரு சாண் இறக்கினேன். கழுத்து வலி பாதி அதிலேயே போனது.

புதுக் கண்ணாடி வந்த அன்று நான் சண்டைக்கே போய்விட்டேன். கவரில் மைனஸ் 3.4 பக்கம் எழுதி, கூடவே அரையை ஒட்டி சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவர்) வேறு. எனக்கு சிலிண்டரே கிடையாது! அவர் கோபப்படாமல் ஒரு லென்ஸை என் கண் முன்னால் நேராகவும் பிறகு சாய்த்தும் பிடித்துக் காட்டினார். சாய்த்ததும் எழுத்து இழுபட்டது. வளைந்த ஃபிரேமில் மைனஸ் 4 லென்ஸ் 20 டிகிரி திரும்பி நின்றால் அரை பவருக்கு மேல் சிலிண்டர் தானாக உண்டாகும், அதைக் கழிக்கத்தான் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் அரைக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன், தரை தரையாக இருந்தது. நாலு நாளில் பழகிவிட்டது. படி இறங்கும்போது மட்டும் இன்னும் தலையைக் குனிந்துதான் இறங்குகிறேன்.

நீங்கள் என்ன போட்டீர்கள், எப்படி இருக்கிறது?

ஏணிமேல் வயரிங்:

அண்ணா, எனக்கு நீங்கள் சொன்னதற்கு நேர் எதிர் பிரச்சினை. ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட்டு வயர் இணைப்பதுதான் என் வேலை, கிட்டத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் தலைக்கு மேலே. ப்ரொக்ரஸிவ் போட்டு ஏணியில் நின்றுகொண்டு முகத்தை அண்ணாந்து, இன்னும் அண்ணாந்து, ஒரு தடவை தலை சுற்றி ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சிவப்பு எது, பிரவுன் எது என்று தெரியாமல் வயரைத் தொட முடியுமா? கடைசியில் மேலேயும் கீழேயும் இரண்டு இடத்தில் படிப்புப் பவர் வைத்த டபுள் டி லென்ஸ் என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டேன். பழைய மாதிரி லென்ஸ், கோடு தெரியும், கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக முடியாது. மேலே பார்த்துச் செய்கிற வேலைக்கு அதற்கு ஈடு எதுவும் நான் பார்க்கவில்லை. வளைந்த ஃபிரேமில் அது கிடைக்கவில்லை, நேரான ஃபிரேமில் பக்க மறைப்பு வைத்துப் போட்டேன். ஏணியில் இறங்கும்போது கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படி மங்கலாகத் தெரியும், அதை மட்டும் எல்லோரும் கவனியுங்கள்.

சிங்கை யார்டு:

நான் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். எங்களுக்கு வளைந்த கண்ணாடி கம்பெனியே தருகிறது, உள்ளே பவர் லென்ஸ் மாட்டும் இன்செர்ட் மட்டும் நாம் செய்துகொள்ள வேண்டும். வெளிக்கண்ணாடி கீறினால் அதை மட்டும் மாற்றினால் போதும் என்பது பெரிய வசதி. ஆனால் டாங்குக்குள் இறங்கினால் அந்த வெக்கையில் நாலு பரப்பிலும் ஆவி படிகிறது, இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் படிந்த தூசியைத் துடைக்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இன்செர்ட்டில் ப்ரொக்ரஸிவ் கேட்டேன், உயரம் பத்தாது என்று மறுத்துவிட்டார்கள். மறுத்தது நல்லதுதான். கீழே மட்டும் டி வடிவத்தில் படிப்புப் பவர் வைத்த, கோடு தெரிகிற டி பைஃபோகல் போட்டேன், படிக்கும் இடம் அகலமாக இருக்கிறது. கோட்டைத் தாண்டும்போது பொருள் ஒரு குதி குதிக்கும், அது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கண்ணாடிக் கடை:

கடையில் உட்கார்ந்திருப்பவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். வளைந்த ஃபிரேமில் ப்ரொக்ரஸிவ் என்றால் ஆர்டரில் மூன்று அளவு போக வேண்டும்: ஃபிரேம் எவ்வளவு சுற்றி வளைகிறது, கீழ்ப்பக்கம் எவ்வளவு உள்ளே சாய்கிறது, லென்ஸுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி. இவற்றைக் கேட்காமல் ஆர்டர் எடுத்தால் அங்கே போடாதீர்கள். முதலில் ஃபிரேமை மூக்கிலும் காதிலும் சரியாக உட்கார வைக்க வேண்டும், அதன்பிறகுதான் ஃபிரேமோடு வரும் டம்மி லென்ஸில் பேனாவால் கருவிழி மையத்தைக் குறிக்க வேண்டும். அதையும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக, ஏனென்றால் பலருக்கும் மூக்கு நட்டநடுவில் இருப்பதில்லை.

வாங்கியபின் நீங்களே ஒன்று பார்க்கலாம். லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொன்றிலும் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு சின்னக் குறிகள் தெரியும், காதுப்பக்கக் குறிக்குக் கீழே உங்கள் படிப்புப் பவர் இருக்கும். வலது இடது இரண்டிலும் குறிகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் கடையில் காட்டிக் கேளுங்கள், இரண்டு கண்ணும் ஒரே உயரத்தில் இல்லாதவருக்கு மட்டும் சின்ன வித்தியாசம் இருக்கலாம்.

லென்ஸ் விஷயத்தில், சேஃப்டிக்கு சாதாரண பிளாஸ்டிக்கான சிஆர் 39 வேண்டவே வேண்டாம். பாலிகார்பனேட் அடி தாங்கும், விலையும் குறைவு, ஆனால் ஓரத்தில் வெள்ளை விளக்கைப் பார்த்தால் வண்ணக் கரை தெரியும். அதன் ஆபே எண் (இது கூடினால் வண்ணம் பிரிவது குறையும்) 30தான். டிரைவெக்ஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்குக்கு அது 45 பக்கம், அடியும் தாங்கும், அதனால் நாள் முழுக்க நுணுக்க வேலை செய்பவருக்கு அதைத்தான் சொல்வேன். அமெரிக்கத் தர ஃபிரேம் என்றால் இசட் 87-2 என்ற முத்திரையைத் தேடுங்கள், அந்த 2 பவர் லென்ஸ் போடுவதற்கான ஃபிரேம் என்று அர்த்தம்.

திருப்பூர்:

சார், எனக்கு மைனஸ் 7.5, படிப்புப் பவர் 2. வளைந்ததில் போடலாமா?

கண்ணாடிக் கடை:

வேண்டாம் சார். அந்தப் பவரில் ஓரம் மிகவும் தடிக்கும், எவ்வளவு கழித்து அரைத்தாலும் பக்கப் பார்வை சுகப்படாது. வளைவு குறைந்த சேஃப்டி ஃபிரேமில் நிரந்தரமாக ஒட்டிய பக்க மறைப்போடு எடுங்கள். கண்ணைக் காக்க வளைந்த லென்ஸ்தான் வேண்டும் என்றில்லை, பக்கம் மூடியிருந்தால் போதும்.

கோவை டூல்ரூம்:

வயரிங் தம்பி, டபுள் டி பற்றிச் சொன்னதற்கு நன்றி, எங்கள் மெயின்டெனன்ஸ் ஆளுக்கு அதே கழுத்து வலிதான், நாளைக்கே சொல்கிறேன். குறிகளை இப்போதுதான் டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்தேன். புதுசில் இரண்டு பக்கமும் ஒரே மட்டம். பழையதில் இடது பக்கம் கண்ணுக்கே தெரிகிற அளவு இறங்கியிருக்கிறது.