பழைய 5 கேவிஏ ஜென்செட்: ஆறு மணி நேரம் விடாமல் எவ்வளவு லோடு கொடுக்கலாம்?

உட்லண்ட்ஸ்_உணவுவண்டி

வணக்கம். பழைய உணவு வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறோம். பின்பக்கப் பெட்டிக்குள் ஒரு பெட்ரோல் ஜென்செட் (ஜெனரேட்டர்). தகட்டில் இருப்பது: அதிகபட்சம் 5.0 கேவிஏ, தொடர்ந்து 4.5 கேவிஏ, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 3000 ஆர்பிஎம். எஞ்சின் ஜிஎக்ஸ்390 வகை, ஏவிஆர் (வோல்ட்டைச் சீராக வைக்கும் பகுதி) உண்டு.

தோசைக்கல், புரோட்டாக்கல் எல்லாம் கேஸ். மின்சாரத்தில் ஓடுவது: சில்லர் 350 வாட், ரைஸ் குக்கர் 1950, தேநீருக்கு வெந்நீர் பாய்லர் 2500, புகைபோக்கி ஃபேன் 180, விளக்குகள் 120. மாலை 5 முதல் இரவு 11 வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். தாங்குமா?

காக்கிபுக்கிட்_பட்டறை

மொத்தம் 5100 வாட் வருகிறது. ஹீட்டர் மாதிரி லோடுக்கு 1 கேவிஏ என்பது கிட்டத்தட்ட 1000 வாட். புது ஜென்செட்டே இதைத் தாங்காது. ‘அதிகபட்சம்’ என்று போட்டிருப்பது கம்ப்ரசர் கிளம்பும் நொடிகளுக்குத்தான், அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஹோண்டா இயூ20ஐ-யைப் பாருங்கள்: பெயரில் 20, அதிகபட்சம் 2000 விஏ, தொடர்ந்து ஓட 1600 விஏதான்.

உங்களுடையதில் குக்கரும் பாய்லரும் ஒரே நேரத்தில் வேண்டாம். பாய்லர் மட்டும் என்றால் 3150 வாட், குக்கர் மட்டும் என்றால் 2600. இரண்டு பக்கச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்று போட்டால் அவசரத்தில் யாரும் இரண்டையும் தட்டிவிட முடியாது.

சில்லரை முதலில் போடுங்கள். கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் ஓடும் கரண்டைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். அது நிதானமான பிறகு ஹீட்டர்.

இன்னொன்று, பேனலில் இருக்கும் 13 ஆம்பியர் சாக்கெட்டில் 3 கிலோவாட்டை மணிக்கணக்கில் இழுத்தால் பிளக் உருகும். 16 ஆம்பியர் நீல நிற சாக்கெட்டிலிருந்து எடுங்கள்.

ஹெர்ட்ஸ்_பார்ப்பவன்

பழைய மெஷினுக்குத் தகட்டில் 80 சதவீதம், 70 சதவீதம் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். அளந்து பார்த்துவிடுவது நல்லது. ஹெர்ட்ஸும் (எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் மின் அதிர்வெண்) காட்டும் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் அளப்பது) வேண்டும், எல்லா கிளாம்ப் மீட்டரிலும் அது இருக்காது. சிங்கப்பூர் சிம் லிம் டவரில் கேட்டு வாங்குங்கள்.

சோதனைக்கு முன் ஆயிலை மாற்றுங்கள். அந்த எஞ்சினுக்கு 1.1 லிட்டர், 10டபிள்யூ-30 போதும். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மிமீ. வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறியபின் பாருங்கள்: இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20. ஏர் ஃபில்டர் கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

லோடுக்கு பாய்லர், ஹாலஜன் விளக்கு, டோஸ்டர் போன்ற சூடேறும் சாமான் மட்டும். இண்டக்‌ஷன் அடுப்பு கூடாது, அளவு குழப்பும். மூடியைத் திறந்து வைத்த கெட்டில் தானாக அணையாது, ஆனால் தண்ணீர் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வோல்ட் இறங்கினால் ஹீட்டர் எடுப்பதும் இறங்கும் என்பதால் சாமானில் எழுதிய வாட்டை நம்பாமல் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சும்மா ஓடும்போது 52 ஹெர்ட்ஸ் சுமார் இருக்க வேண்டும். லோடு ஏற ஏற 50, 49 என்று இறங்குவது இயல்பு. ஹெர்ட்ஸும் சேர்ந்து விழுந்தால் கோளாறு எஞ்சினில். ஹெர்ட்ஸ் நிலையாக நின்று வோல்ட் மட்டும் விழுந்தால் ஆல்டர்னேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) பக்கம், அதாவது ஏவிஆர், பிரஷ், ஸ்லிப் ரிங்கைப் பாருங்கள். பல ஏவிஆர்கள் வேகம் ரொம்பக் குறைந்தால் வோல்ட்டைத் தாங்களே குறைத்துவிடும், அதனால் ஹெர்ட்ஸை முதலில் பாருங்கள். கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஸ்க்ரூவைத் திருகி ஹெர்ட்ஸை ஏற்றும் வேலை மட்டும் வேண்டாம். லோடு போனதும் 55க்குத் தாவும்.

ஒவ்வொரு படியிலும் 20 நிமிடம், கடைசிப் படியில் ஒரு மணி நேரம்.

உட்லண்ட்ஸ்_உணவுவண்டி

சர்வீஸ் செய்து அளந்துவிட்டேன்.

சும்மா: 52.2 ஹெர்ட்ஸ், 234 வோல்ட்
2 கிலோவாட்: 50.8, 232
3 கிலோவாட்: 49.6, 230
3.6 கிலோவாட்: 48.9, 229

3.6-ல் முதல் 40 நிமிடம் அருமையாக ஓடியது. பிறகு விட்டு விட்டு இரைகிறது, ஹெர்ட்ஸ் 46க்கும் 49க்கும் இடையே ஆடுகிறது. சோக்கை (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைப்பது) கொஞ்சம் இழுத்தால் நிதானமாகிறது. பெட்டிக் கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் ஒரு மணி நேரமும் பிரச்சினையே இல்லை.

ஹெர்ட்ஸ்_பார்ப்பவன்

அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, எஞ்சினிலும் பலம் இருக்கிறது. சோக் இழுத்தால் சரியாவது பெட்ரோல் குறைவாகப் போவதன் அடையாளம். மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளை) அடைத்திருந்தால் முதல் நிமிடத்திலேயே திணறியிருக்கும். உங்களுக்குச் சூடான பிறகுதான் வருகிறது, கதவைத் திறந்தால் போய்விடுகிறது. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிறது.

ஏர் ஃபில்டர் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் முனையைக் கட்டிக் கதவை மூடிப் பாருங்கள். வெளியில் 32 டிகிரி என்றால் உள்ளே 40ஐத் தாண்டக் கூடாது. காற்றுச் சூட்டால் மட்டும் எஞ்சின் பலம் குறைவது சொற்பம்: 29 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு ஐந்தரை டிகிரிக்கும் சுமார் 1 சதவீதம். வெந்த காற்றையே மறுபடி இழுத்து, பெட்ரோல் குழாயும் ஆல்டர்னேட்டரின் வைண்டிங்கும் (கம்பிச்சுருள்) சூடாவதுதான் வம்பு.

காக்கிபுக்கிட்_பட்டறை

வேலை மூன்று. சைலன்சர் பக்கம் வரும் சூடான காற்றுக்குத் தனி டக்ட் வைத்து வெளியே தள்ளுங்கள். குளிர்ந்த காற்று நுழையும் ஓட்டை எதிர்ப்பக்கம் இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவே தகடு. பெட்ரோல் குழாய் சைலன்சரை ஒட்டிப் போனால் மாற்றி, மேலே வெப்பக் காப்புறை போடுங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் ஊதிப் பாருங்கள், அது அடைத்தாலும் இதே மாதிரிதான் திணறும்.

முடிந்ததும் கதவை மூடி 3.2 கிலோவாட்டில் இரண்டு மணி நேரம். 49க்கு மேல் ஆடாமல் நின்றால் ‘தொடர்ந்து 3.2, பாய்லர் அல்லது குக்கர்’ என்று பேனலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இந்த லோடில் மணிக்குக் கிட்டத்தட்ட 2 லிட்டர் குடிக்கும். நடுவில் ஊற்றுவதானால் அணைத்து, ஆறவிட்டு ஊற்றுங்கள்.

எக்ஸாஸ்ட் வாய் விற்பனை ஜன்னல் பக்கம் இருக்கவே கூடாது, வண்டிக்குள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். இந்த மாதிரி ஜென்செட்டுகளில் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு சேராமல் மிதந்தபடி இருக்கும். அப்படியே விட்டால் ஆர்சிசிபி (கசியும் கரண்டைக் கண்டு அணைக்கும் சுவிட்ச்) போட்டும், வண்டியின் உலோகப் பாடியில் கரண்ட் கசிந்து ஷாக் அடித்தால் அது டிரிப் ஆகாது. அந்த இணைப்பை நீங்களே செய்யாமல் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் வொர்க்கரிடம் விடுங்கள்.