காமா கதிர் நுண்கோளங்கள் இரண்டு அளவில் வருகின்றன, உதவி வேண்டும்

கொழிஞ்சாம்பாறை மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். டைஎத்திலீன் கிளைக்கால் டைமெத்தக்ரிலேட் என்ற மோனோமரை (இணைந்து பாலிமராகும் சிறு மூலக்கூறு) எத்தில் அசிடேட் கரைப்பானில் 5 சதவீதம் கரைத்து, கோபால்ட்-60 காமா கதிரில் நுண்கோளங்கள் செய்கிறேன். கல்லூரியிலேயே நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை வெளியேற்றி, ரப்பர் மூடி போட்டு, வாளையாறு தாண்டி எடுத்துப்போய்க் கதிர் காட்டுகிறோம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் 2 மைக்ரான் கோளங்களுக்கு நடுவே அரை மைக்ரான் கோளங்களும் கிடக்கின்றன, மிளகும் கடுகும் கலந்தாற்போல. பாலக்காட்டு வெயில் காரணமா?

சித்தூர் ஆசிரியை:
வெயிலைச் சந்தேகிக்க வேண்டாம்மா. துவக்கி (சூட்டில் உடைந்து ராடிக்கல் தரும் பொருள்) சேர்த்துச் சூடாக்கும் முறையில் வெப்பம் கொஞ்சம் மாறினாலே ராடிக்கல், அதாவது மோனோமர்களை இணைக்கத் தொடங்கும் துடிப்பான துண்டு, உருவாகும் வேகம் மாறிவிடும். காமா கதிரில் அந்த வேகம் கதிர்வீதத்தை, அதாவது ஒரு மணி நேரத்தில் ஏற்கும் கதிரின் அளவை, பொறுத்தது. இந்த முறை எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

கோளங்கள் வளரத் தொடங்கும் கருக்கள் எல்லாம் தொடக்கத்தில் ஒரே சமயத்தில் உருவாகி, பிறகு உருவாகும் பாலிமர் அவற்றின் மேலேயே படிந்தால்தான் கோளங்கள் ஒரே அளவில் வரும். ஆக்சிஜன் மிச்சமிருந்தால் ராடிக்கல்களைப் பிடித்துக்கொள்ளும். குழாயில் ஓரிடத்தில் சீக்கிரம், இன்னோரிடத்தில் தாமதமாகக் கருக்கள் உருவாகும். தாமதமாக வந்தவை சின்னதாகவே நின்றுவிடும். மூடியில் ஊசி குத்திய துளை இருக்குமே, வழியில் காற்று புகுந்திருக்கலாம். தானாகவே பாலிமராகிவிடாதபடி மோனோமரோடு கலந்து வரும் தடுப்பானை அலுமினா வழியாக வடித்து நீக்கினீர்களா?

நகரி வாசகர்:
இன்னொன்று. நைட்ரஜன் ஊதும்போது எத்தில் அசிடேட்டும் கூடவே ஆவியாகிப் போகும், செறிவு குழாய்க்குக் குழாய் மாறும். நைட்ரஜனை முதலில் வேறொரு குடுவை எத்தில் அசிடேட் வழியாக விட்டு, அப்புறம் குழாய்க்குள் விடுங்கள். கோபால்ட்-60இன் அரைஆயுள் 5.27 ஆண்டு. அதனால் கதிர்வீதம் மாதம் சுமார் 1 சதவீதம் குறையும், பழைய கணக்கை வைத்து நேரம் போடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
நன்றி அண்ணா. அக்கா, தடுப்பானை நீக்கிவிட்டேன். ஆனால் மூடியின் உள்பக்கம் ஊதி மெத்தென்று இருக்கிறது!

சித்தூர் ஆசிரியை:
அப்படியானால் எத்தில் அசிடேட்டை ரப்பர் குடித்திருக்கிறது. கண்ணாடி ஆம்பூலுக்கு மாறுங்கள். திரவ நைட்ரஜனில் உறையவைத்து, காற்றை உறிஞ்சி, உருகவிட்டு, இதையே சிலமுறை செய்து, கடைசியில் உறைந்த நிலையிலேயே வெற்றிடத்தோடு முனையை உருக்கி மூட வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான், தனியாகச் செய்யாதீர்கள். அடுத்த தடவை பழைய மூடிக் குழாய் ஒன்றையும் ஆம்பூலோடு சேர்த்து, கோபால்ட் மூலத்திலிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள். இரண்டு படங்களையும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.